நியாயமா செஞ்ச போன்

இந்த வருஷம் கார்த்திகை தீபத்தை உக்காந்து பாக்கறதுன்னு நான் முடிவு பண்ணினேன். இதுல என்னய்யா பெரிய முடிவுன்னு நீங்க கேக்கலாம். உங்களுக்கு திருவண்ணாமலையில சொந்த வீடு இல்லை, அதனால கேக்கறீங்க.

எனக்கு இருக்கு. வேங்கிக்கால்ல, மொட்டை மாடியோட, மலையைப் பாத்த மாதிரி. மலை உச்சியில தீபம் ஏத்தினா எங்க மாடியில இருந்து நல்லாத் தெரியும். ஆனா அந்த ஏத்தற நிமிஷத்துல நான் மாடியில இருந்ததே கிடையாது. ஓடிக்கிட்டேதான் பாத்திருக்கேன். ஒரு வருஷம் யாரோ ஒருத்தர் காரை எங்க நிறுத்தறதுன்னு தேடிக்கிட்டே பாத்தேன். ஒரு வருஷம் யார் வீட்டுக் குழந்தையோ என் தோள் மேல. அது ரெண்டு கையாலயும் என் கண்ணைப் பொத்திக்கிச்சு. பக்கத்துல இருந்தவர் "ஏத்திட்டாங்க சார்"னு சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது.

காரணம் ஒண்ணே ஒண்ணு. நான் கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன். சத்துணவுப் பிரிவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு முட்டை ஒழுங்காப் போய்ச் சேருதான்னு பாக்கற வேலை. கோவிலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் கன்னத்துல போட்டுக்கறது மட்டும்தான். ஆனா எங்க சொந்தக்காரங்களைக் கேட்டா, தீபத்துக்கான பாஸ் எல்லாத்தையும் இந்தச் சக்கரபாணி தன் டிராயர்ல முட்டையோட முட்டையா அடைகாக்கறான்னு சத்தியம் பண்ணுவாங்க.

ஐப்பசி பொறந்தாப் போதும், போன் அடிக்க ஆரம்பிச்சுடும். ஒருத்தருக்கு பாஸ் வேணும். ஒருத்தருக்கு ரூம் வேணும். ஒண்ணுமே வேணாம், சும்மா வீட்டுல வந்து தங்கிக்கறோம்ங்கறவங்கதான் ரொம்ப ஆபத்து. அவங்க குடும்பத்தோட வருவாங்க, பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடயும் வருவாங்க. என் போன்ல நான் பேரைப் போட்டு வெச்சிருக்கறதே பாஸ் முருகவேல், ரூம் இராமலிங்கம், பார்க்கிங் அருணகிரின்னுதான். பேரைப் பாத்ததும் போனைக் கவுத்து வெச்சுடுவேன். எடுக்காம விட்டா, மறுநாள் "பேரைப் பாத்துட்டே எடுக்கலை"ம்பாங்க. அது நெஜம்தான்.

இந்த நேரத்துலதான் எங்க பொண்ணு வினோதினி புது போனைப் பத்திச் சொன்னா. அவ பெங்களூர்ல வேலை பாக்கறா. என் பழைய போன் அப்போ ஒரு நாளைக்கு நாலு தடவை மூர்ச்சை போட்டு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அப்பா, வாங்கறதுதான் வாங்கறீங்க, நியாயமா செஞ்ச போனா வாங்குங்கன்னா. உள்ள போடற உலோகத்தை யாரையும் வதைக்காம தோண்டி எடுக்கறாங்களாம். செய்யற ஆளுங்களுக்கு சரியான கூலி குடுக்கறாங்களாம். பேட்டரி போனா நாமளே திருப்புளி வெச்சுக் கழட்டி மாத்திக்கலாமாம். நம்ம கடைகள்ல கிடைக்காது, அவளோட சிநேகிதி ஒருத்தி வெளிநாட்டுல இருந்து கொண்டு வருவாளாம்.

எனக்கு நியாயத்து மேல அப்படி ஒண்ணும் விரோதம் கிடையாது. ஆனா அவ பேசப் பேச என் மூளை வேற பக்கம் ஓடுச்சு. புது போன்னா பழசுல இருக்கறதை எல்லாம் புதுசுக்கு மாத்தணும். மாத்தறப்போ ஏதாவது விட்டுப்போறது ஊர் உலகத்துல சகஜம். எல்லா நம்பரும் போயிடுச்சுன்னு வெச்சுக்கங்க. போன் அடிச்சா வெறும் எண்தான் வரும். யாருன்னு தெரியாது. தெரியாத நம்பரை எடுக்காதீங்கன்னு பேங்க்காரனே சொல்றான். ஆள் கிடைக்கலைன்னா யார் வருவாங்க? யாரும் வரலைன்னா மாடியில ஒரு ஈசி சேர், கையில காபி, எதிர்ல தீபம். எனக்கே என்னைத் தட்டிக் குடுக்கணும் போல இருந்துச்சு.

இதுல ஒரே ஒரு தடங்கல்தான். அவ பேரு ஆதிலட்சுமி. கீழ்பென்னாத்தூர்ல விவசாயக் குடும்பத்துப் பொண்ணு. வேர்க்கடலையை உரிக்காமலே உள்ள பருப்பு எப்படி இருக்குன்னு சொல்லிடுவா. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட நாள்ல இருந்து என் விஷயத்துலயும் அதே கதைதான். மத்த வீட்டுப் பொம்பளைங்க மாதிரி சத்தம் போட மாட்டா. கேள்வி கேப்பா. சத்தம் போட்டா காதைப் பொத்திக்கலாம், கேள்விக்கு என்ன பண்றது?

போன் வந்து சேந்துச்சு. டப்பாவைப் பிரிச்சேன். அவ எதிர்ல வந்து உக்காந்தா.

"இதுல என்னங்க விசேஷம்?"

"இது நியாயமா செஞ்ச போன், லட்சுமி."

"அப்போ மத்ததெல்லாம்?"

"மத்ததுல எந்த ஏழையோட வேர்வை எவ்ளோ இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

இப்படி ஆரம்பிச்சவன் நிறுத்தலை. வினோதினி சொன்னதை எல்லாம் சொன்னேன். சொல்லாததையும் சேத்துச் சொன்னேன். ஆபீஸ்ல என் பேச்சை யாரும் கேக்கறதில்லை, வீட்டுல ஒரு ஆள் கண்ணைச் சிமிட்டாம கேக்கறான்னா எவனுக்குத்தான் வாய் நிக்கும்? அவ திருப்புளியை வாங்கினா. பின்பக்கத்தைக் கழட்டி, பேட்டரியை எடுத்து, திரும்பப் போட்டு, மூடிட்டா. நான் அந்த மூடியை எந்தப் பக்கம் தள்றதுன்னு தெரியாம காலையில இருந்து விழி பிதுங்கிக்கிட்டு இருந்தேன். மெச்சிக்காம இருக்க முடியலை.

"செய்யறவங்க ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"ன்னு கேட்டா.

"பொம்பளைங்கதான் ஜாஸ்தி."

"லீவு உண்டா?"

"இல்லாம? பண்டிகைன்னா கட்டாயம் லீவு." இதை வினோதினி சொல்லலை. நானா விட்டது.

"பண்டிகை அன்னிக்கு வேலை இருந்தா?"

"முதலாளி பாத்துப்பான்."

"முதலாளியேவா? அவரே உக்காந்து செய்வாரா?"

"நியாயம்னா அப்படித்தான் லட்சுமி. வருஷம் பூரா உழைக்கறவங்களை ஒரு நாள் உக்கார வெச்சு, முதலாளி எழுந்து வேலை செய்யணும். அதுதான் தர்மம்."

அவ தலையாட்டினா. நல்ல விஷயங்கன்னா. நான் சொன்ன ஒரு விஷயத்தை அவ நல்ல விஷயம்னு சொல்லி ரொம்ப வருஷம் ஆச்சு. அன்னிக்கு நான் ரெண்டு தோசை ஜாஸ்தி சாப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில மாத்தற வேலையை வெச்சுக்கிட்டேன். ரெண்டு போனையும் சாப்பாட்டு மேஜையில பக்கத்துல பக்கத்துல வெச்சு வயரால இணைச்சேன். எதையெல்லாம் கொண்டு போகணும்னு புது போன் மரியாதையாக் கேட்டுச்சு. படங்கள், குறுஞ்செய்திகள், நம்பர்கள், ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு டிக். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பாத்தேன். லட்சுமி காபி கலந்துக்கிட்டு இருந்தா. நம்பர்களுக்கு எதிர்ல இருந்த டிக்கை எடுத்தேன். பின்னால தானா வந்து ஒட்டிக்காம இருக்க இன்னொரு இடத்துலயும் தடை போட்டேன். முட்டைக்கணக்கு பாத்தவன், ஓட்டை விடுவேனா?

எல்லாம் முடிஞ்சதும் நெத்தியில அடிச்சுக்கிட்டேன்.

"ஐயோ, நம்பர் எல்லாம் போச்சே."

லட்சுமி காபியோட வந்தா. எல்லாருதுமான்னு கேட்டா. எல்லாருதும்னேன். எங்க தம்பி கலையரசன் நம்பருமான்னா. அதுவும்தான்னேன். அப்போ என் நம்பர்னு கேட்டா பாருங்க. இதை நான் யோசிக்கவே இல்லை. உன் நம்பர் எனக்கு மனப்பாடமாச்சேன்னேன். சொல்லுங்கன்னா. ஒன்பதுன்னு ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் அண்ணாமலையாரே வந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்க முடியாது. அவளே போனை வாங்கி தன் நம்பரை ஏத்திட்டு, காபி ஆறுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

அவ வருத்தப்படலை. அங்கேயே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். சொந்தத் தம்பி நம்பர் போயிடுச்சுன்னு சொல்றேன், ஒரு உச்சுக் கொட்டக்கூட இல்லை. நானோ நம்ம சாமர்த்தியத்துல மயங்கிக் கிடந்தேன்.

பழைய போனை என்ன பண்றதுன்னு அவதான் பேச்செடுத்தா. தூக்கிப் போடறது பாவம், இருக்கறதை வெச்சே ஓட்டறதுதான் பெரிய நியாயம்னு வினோதினி சொல்லியிருந்தா. லட்சுமி போன்ல ஸ்பீக்கர் போய், காதுல ஒட்டி வெச்சாலும் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரிதான் கேக்கும். நீயே வெச்சுக்கன்னு தூக்கிக் குடுத்தேன். அழிச்சுட்டுக் குடுத்திருக்கணும். ஆனா வள்ளல் தானம் குடுக்கறப்போ அதையெல்லாம் பாப்பானா? அதோட, நம்பர் போச்சு நம்பர் போச்சுன்னு காலையில இருந்து சொல்லிச் சொல்லி, அது மெய்யாலுமே போயிட்டதா நானே நம்ப ஆரம்பிச்சிருந்தேன். லட்சுமி தன் சிம்மைக் கழட்டி அதுல போட்டுக்கிட்டா. வேலியில போன ஓணானைப் பிடிச்சு வேட்டியில விட்டுக்கிட்டது அன்னிக்குத்தான். எனக்குத்தான் தெரியலை.

அப்புறம் வந்த நாளெல்லாம் பொன்னான நாள். போன் அடிக்கும். வெறும் எண் வரும். நான் அதைப் பாத்து சிரிப்பேன். அடிச்சு அடிச்சு ஓஞ்சு போகும். நியாயமா செஞ்ச போன் இல்லையா, யார்னு காட்டிக் குடுக்கவே இல்லை.

நஷ்டமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க கண்காணிப்பாளர் நம்பரும் அந்த டிக்கோட போயிடுச்சு. அவர் மூணு தடவை கூப்பிட்டிருக்கார், நானும் மூணு தடவை சிரிச்சிருக்கேன். மறுநாள் அவர் சிரிக்கலை. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்த ஆள் தெருமுனையில நின்னு கூப்பிட்டுப் பாத்துட்டு சிலிண்டரோட திரும்பிப் போயிட்டார். அதைக்கூட லட்சுமி பெரிசு பண்ணலை. யாருக்கோ பேசினா, சாயந்திரமே சிலிண்டர் வீட்டுக்கு வந்துடுச்சு. கேஸ்காரர் நம்பர் என் போன்ல மட்டும்தானே இருந்துச்சு, இவளுக்கு எப்படிக் கிடைச்சதுன்னு ஒரு முட்டாள்கூட யோசிச்சிருப்பான். நான் யோசிக்கலை.

கார்த்திகை பொறந்ததும் போன் அடிக்கறது கம்மியாச்சு. அப்புறம் சுத்தமா நின்னுடுச்சு. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ஈசி சேரைத் தூசி தட்டி, துணி மாத்தி, மாடிக்கு ஏத்தினேன். மலையைப் பாத்துப் போட்டு உக்காந்தும் பாத்தேன். கொஞ்சம் இடது பக்கம் திருப்பினா இன்னும் தோதா இருந்துச்சு. லட்சுமி மேல வந்து அதைப் பாத்தா. சௌரியமா இருக்குதான்னு கேட்டு, தானும் உக்காந்து பாத்தா. ரொம்ப நல்லா இருக்குங்கன்னா.

தீபத்தன்னிக்கு வழக்கம் போல ரெண்டு பேரும் விரதம். எங்க ஊர்ல மலையில தீபத்தைப் பாத்துட்டு, வீட்டுல அகல் ஏத்திட்டு, அதுக்கப்புறம்தான் வாயில ஏதாவது போடறது. அதனால தீபம் ஏத்தின கையோட பலகாரம் சூடா இலையில விழணும். வருஷா வருஷம் விடிஞ்சதுல இருந்தே சமையல்கட்டு யுத்தகளமாத்தான் இருக்கும். அன்னிக்கு ஒரு சத்தமும் இல்லை. லட்சுமி தலைக்குக் குளிச்சு, மாம்பழக் கலர் பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு, கூடத்துல உக்காந்து பூக் கட்டிக்கிட்டு இருந்தா. தண்ணி குடிக்கப் போனப்போ, ஒரு அண்டா நிறைய உளுந்து ஊறிக்கிட்டு இருந்ததைப் பாத்தேன். ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்ளோன்னேன். உளுந்து உப்பும்ங்கன்னா. சரி, உப்பும்தானே.

மத்தியானம் சாஞ்ச நேரத்துல வாசல்ல ஒரே பேச்சுச் சத்தம். எட்டிப் பாத்தேன். தெரு முழுக்க எங்க சொந்தக்காரங்க. முன்னால என் மச்சான் கலையரசன். கீழ்பென்னாத்தூர்ல இருந்து வேன்ல வந்து, ஊருக்கு வெளியவே இறக்கி விட்டுட்டாங்கன்னு எல்லாரும் நடந்து வந்திருந்தாங்க. பின்னால முருகவேல் குடும்பம். அதுக்குப் பின்னால எங்க பெரியப்பா மகன் இராமலிங்கம், பொண்டாட்டி, மாமியாரோட.

கலையரசன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். "இன்னா மாமா, அக்கா சொன்னப்போ நான் நம்பவே இல்ல. மெய்யாலுமே நீங்களே செய்யறீங்களா?"

எதைன்னு கேக்கறதுக்குள்ள முருகவேல் பொண்டாட்டி கால்ல விழுந்துட்டா. இராமலிங்கத்தோட மாமியார் என் தலையில கை வெச்சு, இந்த மாதிரி ஒரு மாப்பிள்ளை எனக்கு வாய்க்கலையேன்னு கண்ணைத் தொடச்சுக்கிச்சு. இராமலிங்கம் தரையைப் பாத்தான். வருஷம் பூரா உழைக்கறவங்களை உக்கார வெச்சு முதலாளி எழுந்து வேலை செய்யணும்னு நான் சொன்னது வார்த்தை மாறாம எல்லார் வாயிலயும் வந்துச்சு. நான் ஊருக்கு உபதேசமாச் சொன்னேன். அது ஊரைச் சுத்திட்டு என் வீட்டுக்கே வந்துடுச்சு.

லட்சுமியை சமையல்கட்டுக்குக் கூப்பிட்டேன்.

"என்ன லட்சுமி இது? இவங்க எல்லாம் எப்படி வந்தாங்க?"

"நான்தான் கூப்பிட்டேன்."

"நம்பர் எல்லாம் போச்சுன்னு சொன்னேனே?"

"உங்க போன்லதாங்க போச்சு. நீங்க எனக்குக் குடுத்ததுல எல்லாம் அப்படியே இருக்கு." இடுப்புல செருகியிருந்த பழைய போனை எடுத்துக் காட்டினா. "அவருக்குப் பேசாதீங்க, நேரா வந்துடுங்க, இந்த வருஷம் அவர் கையால பலகாரம்னு சொன்னேன். நீங்க சொன்ன தர்மத்தைத்தான் சொன்னேன். நானா ஒரு வார்த்தை சேக்கலை."

எனக்கு கோவம் வந்துச்சு. நியாயமான கோவம். மாடியில சேர் போட்டு வெச்சிருக்கேன், இந்த ஒரு வருஷமாவது தீபத்தை உக்காந்து பாக்கலாம்னு இருந்தேனே, உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்னு கேட்டேன்.

அவ சத்தமே போடலை.

"நீங்க ஓடிக்கிட்டாவது பாத்தீங்க. நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்ததுல இருந்து ஒரு தடவைகூட ஏத்தறப்போ பாத்ததில்லைங்க. அரோகரான்னு ஊரே சத்தம் போடும். ஓ, ஏத்திட்டாங்களான்னு நினைச்சுக்குவேன். எண்ணெயில வடை கிடக்கும்."

"அதான் பதினோரு நாள் எரியுதே லட்சுமி. மறுநாள் பாக்கறோமே."

"எரியறதைப் பாத்திருக்கேன். ஏத்தறதைப் பாக்கணும்."

அந்த மாம்பழக் கலர் புடவையும் தலை நிறையப் பூவுமா அவ நின்னதைப் பாத்தேன். மனசு கஷ்டமா இருந்துச்சு, அதை எதுக்கு மறைக்கணும்? அதோட, உள்ளுக்குள்ள ஒரு பெருமையும் வந்துச்சு. என்னை ஏமாத்தணும்னு ஒரு பொய் சொன்னாளா? இல்லை. நான் குடுத்த போன், நான் சொன்ன வார்த்தை. ரெண்டையும் வெச்சு என்னைக் கட்டிப் போட்டுட்டா. எங்க ஆபீஸ்ல இவளை மாதிரி ஒரு ஆள் இருந்தா ஒரு முட்டைகூட வழியில உடையாது.

"வடை எப்படித் தட்டறது?"ன்னேன்.

உளுந்தை அவ முன்னாடியே அரைச்சு வெச்சிருந்தா. கையை நனைச்சுக்கணும், மாவை உருட்டிக்கணும், கட்டை விரலால நடுவுல ஓட்டை போட்டு எண்ணெயில நழுவ விடணும், பயந்தா மாவு கையிலயே ஒட்டிக்கும்னு சொல்லிக் குடுத்தா. சொல்லிட்டு என் புது போனைக் கேட்டு வாங்கிக்கிட்டா. மேல இருந்து வினோதினிக்கு தீபத்தை வீடியோவுல காட்டணுமாம், பழசுல படம் மங்கலா விழுமாம். பொம்பளைங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போயிட்டா.

ஆம்பளைங்க கையாவது கிடைக்கும்னு கூடத்துக்கு வந்தேன். கூடம் காலி. இராமலிங்கமும் முருகவேலும் கிரிவலம் கிளம்பிட்டாங்களாம். கலையரசன் மட்டும் செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தான். நான் இருந்தா உங்களுக்கு இடைஞ்சல் மாமான்னு சொல்லிட்டு அவனும் மலையைச் சுத்தப் போயிட்டான்.

முதல் வடை வட்டமா விழலை. ரெண்டாவது விழுந்துச்சு, ஆனா ஓட்டை இல்லை. மூணாவதுல எண்ணெய் என் மேல தெறிச்சுச்சு. அப்புறம் கை பழகிடுச்சு. நல்லாவே பழகிடுச்சுன்னு சொல்லணும். பொன்னிறமா, ஒரே அளவா, நடுவுல அழகா ஒரு ஓட்டை. ஒண்ணு எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். முட்டையை விட்டுட்டு இந்தத் தொழிலுக்கே வந்திருக்கலாமோன்னுகூடத் தோணுச்சு.

பொழுது சாஞ்சிடுச்சு. எங்க சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிதான் தெரியும். மலை அந்தப் பக்கம். ஒரு ஈடு வடையை அப்போதான் எண்ணெயில போட்டேன். ஊர் முழுக்க ஒரே நேரத்துல சத்தம் எழும்புச்சு. அண்ணாமலைக்கு அரோகரா. எங்க மாடி, எதிர் மாடி, தெரு, எல்லாப் பக்கமும் அரோகரா. கரண்டியைப் போட்டுட்டு ஓடலாம்னு ஒரு கால் வாசப்படி வரைக்கும் போயிடுச்சு. ஓடினா வடை கருகிடும். மேல இருக்கறவங்க காலையில இருந்து பச்சைத் தண்ணியோட இருக்காங்க. திரும்பி வந்து வடையைத் திருப்பிப் போட்டேன். தண்ணித் தொட்டியைப் பாத்தே கையெடுத்துக் கும்பிட்டேன்.

கொஞ்ச நேரத்துல லட்சுமி இறங்கி வந்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. என் பக்கத்துல வந்து நின்னா.

"பாத்தியா?"ன்னேன்.

"பாத்தேங்க. முதல்ல சின்னதா ஒரு புள்ளி. மினுக்மினுக்குனு. நெசம்தானான்னு பாக்கறதுக்குள்ள திகுதிகுன்னு எழும்பிடுச்சு. உங்க சேர்ல உக்காந்துதான் இருந்தேன், எப்போ எழுந்து நின்னேன்னே தெரியலை." இதைச் சொல்றப்போ அவ முகம் கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி இருந்துச்சு. நான் தோத்துப் போனதுல எனக்கு அவ்ளோ சந்தோஷம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அகல் ஏத்தினோம். இலை போட்டோம். வடை ஈடு ஈடாப் போச்சு. கிரிவலம் போனவங்க கால் வலியோட வந்து சேந்து, அவங்களும் உக்காந்தாங்க. இராமலிங்கத்தோட மாமியார் மூணாவது தடவை கேட்டு வாங்கிச்சு. இந்த மாதிரி மெத்துனு வடை இந்த வீட்டுல நான் சாப்பிட்டதே இல்லைன்னுச்சு. லட்சுமி அதுக்குக் கோவிச்சுக்கவே இல்லை, ஆமாங்க, அவர் கை ராசிங்கன்னு ஒத்து ஊதினா. நான் நெளிஞ்சேன். பாராட்டுக்கு மயங்காதவன் யாரு?

எல்லாரும் படுத்த பிறகு அவகிட்ட சொன்னேன், மனசாரச் சொன்னேன். "அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் சேந்து நின்னு பாக்கணும் லட்சுமி. வெளியில இருந்து ஆள் வெச்சாவது சமைச்சுக்கலாம்."

"கண்டிப்பாங்க"ன்னா. புது போனை முந்தானையில தொடச்சு என் கையில குடுத்தா. "அதுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. உங்க வடையைச் சாப்பிட்டுட்டு எல்லாரும், இனிமே பௌர்ணமிக்கு பௌர்ணமி கிரிவலம் வந்துட்டு இங்க சாப்பிட்டுப் போறோம்னு சொல்லிட்டாங்க. வர்றப்போ உங்களுக்கு முன்கூட்டியே பேசணுமே, பாவம், நீங்க யாருன்னு தெரியாம எடுக்காம விட்டுடுவீங்க. அதான் மாடியிலயே வினோதினியைக் கேட்டு எல்லார் நம்பரையும் இதுல ஏத்திட்டேன். பெரிய வேலை ஒண்ணும் இல்லைங்க. நீங்க எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டேன், அவ்ளோதான்."

தீபம் வருஷத்துக்கு ஒரு தடவைதான், பௌர்ணமி மாசாமாசம் வருது. நாளைக்கு மார்கழிப் பௌர்ணமி, நான் போய் உளுந்து ஊறப் போடணும்.